கடைசி வார்த்தைக்கு முன்னால்

ஏர்கூலர் தட்டியில் நனைந்த புல்லின் வாசனை வந்தாலே, டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அப்பா எங்களோடு ஆடிய "தொங்கல்" விளையாட்டு இன்றும் எனக்கு ஞாபகம் வருகிறது. "ஒனக்கு எடுத்த புதுப் பாவாடைய அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு..." என்று நிறுத்தி, நிதானமாக டீ குடிப்பார், நான் அழுது முடித்த பிறகுதான் "காட்டினா" என்பார். "இங்கிலீஷ்காரன் அவசரக்காரன், நடந்தத முதல்லயே கொட்டிருவான். நாமளும் இந்திக்காரனும் கடைசி வரைக்கும் ஆளக் காக்க வைப்போம்" என்பது அவர் வேதம். அழுத நானே சீக்கிரம் அவரை மிஞ்சிவிட்டேன்.

எனக்குப் பத்து வயதான கோடையில், இருதய ஆபரேஷனுக்காக மாமாவைத் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வந்திருந்தாள் அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அப்பா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த டாக்டர், இங்கிலீஷ் பள்ளியில் படித்த என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நடந்தார். சாவை முதலில் சொன்னார், காரணங்களைப் பின்னால் சொன்னார்.

நான் அத்தையிடம் திரும்பினேன். "மாமாவுக்கு ஆபரேஷன் ஆயிட்டாம் அத்தை, டாக்டர் கூடவே இருந்து, நாலு பாட்டில் ரத்தம் ஏத்தி, மாமா இப்ப..." என்று சொல்லி நிறுத்தினேன். பயத்தில் வாய் அடைத்துவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். ஒரு முகம் என் வாயையே பார்த்துக் காத்திருந்தது, அந்த ருசி எனக்குப் பழகியிருந்தது.

அத்தை சிரித்தாள். "கண்ணு முழிச்சிட்டாகளா? சொல்லேம்ட்டி."

"செத்துட்டாங்க."

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

இன்று அந்த விளையாட்டை ஆட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. என் பிள்ளைகள் "அச்சா", "ஜல்தி" என்று இந்தியில் பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நான் போன் செய்தால் அத்தை மட்டும், "கடைசி வார்த்தைய மொதல்ல சொல்லிருட்டி" என்பாள். போன மாதம் அப்பா இறந்த அன்றும் அப்படித்தான் கேட்டாள். கீழ்ப்படிந்து, "செத்துட்டாங்க அத்தை" என்று தொடங்கினேன். யார் என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்தது, இந்த முறை நிஜமாகவே. வெளியூரில் இருக்கும் தன் இரண்டு மகன்களின் பெயரையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி, "அவனா?" என்று கேட்டாள்.