கடைசி இருபது அடி

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. தாயில்லாத கொழுந்தன் மகளையும் நானே வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. இப்போது எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிவதால், நான் சொல்லச் சொல்ல மகனின் மகள் எழுதுகிறாள். கோளாறு கண்ணில் இல்லை, நரம்பில். நரம்புக்கு மேலே இருக்கிற உறையை உடம்பே அரிக்கிறதாம். கே.கே. நகர் டாக்டர் அதற்கு எம்.எஸ். என்று பெயர் சொன்னார். தீராது, ஆனால் இதோடு வாழலாம் என்றார். வெயில் ஆகாது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. பழங்காநத்தத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தை, கட்டிக்கொடுத்த மூன்றாம் வருஷமே வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். காலையில் நன்றாக நடப்பாள். வெயில் ஏறினால் கால் பின்னிக்கொள்ளும். கால் சரியானதும் வரட்டும் என்று மாமியார் அனுப்பிவிட்டாள். அத்தைக்கு இருந்ததும் இதே நோய்தானா, யார் கண்டது? எங்கள் வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர்.

வைகாசி விசாகத்துக்குத் திருப்பரங்குன்றத்துக்கு நடந்தே பால்குடம் எடுப்பதாக அத்தை நேர்ந்துகொண்டாள். அப்பா அதோடு விடுவாரா? கோயில் வாசலில் வந்து நின்று பாருங்கள், உங்கள் மருமகள் நடந்து வருவாள், அப்படியே கூட்டிப்போங்கள் என்று மாமியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். நடந்து போய்ச் சேர்ந்தால் புருஷன் வீடு. இல்லையென்றால் எங்கள் வீட்டு அடுப்படி.

விடியுமுன் கிளம்புகிறேன் என்று அத்தை கெஞ்சினாள். அப்பாதான் நல்ல நேரம் பார்த்தார். ஒன்பது மணிக்குத்தான் மஞ்சள் துணி கட்டிய குடத்தை அவள் தலையில் தூக்கிவைத்தார். அம்மாவும் நானும் கூடப் போனோம். செருப்பில்லாத காலுக்குக் கீழே தார் இளகிக்கொண்டிருந்தது.

வழியெல்லாம் வீட்டுக்காரர்கள் பால்குடக்காரர்களின் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றினால் அத்தை நடந்தாள்; ஈரம் காய்ந்ததும் தடுமாறினாள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது நான்தான்.

"அப்ப வேசந்தான் போடுறா" என்றாள் அம்மா.

பசுமலை தாண்டுவதற்குள் அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கால்தான் மடங்கியது, குடத்தைப் பிடித்த கை ரெண்டும் அசையவில்லை. ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. பின்னால் வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"முருகனுக்கு மயில் வாகனம், ஒனக்கு இந்த வாகனம். ஏறு தாயி."

அம்மா அத்தையின் காதருகே குனிந்தாள். என் கண்டுபிடிப்பு அங்கேதான் வேலைக்கு வந்தது.

"இந்தா புள்ள, கோயில் தெரு முக்கு வரைக்கும் ரிக்‌ஷாவுல வா. அங்க இறங்கு. ரெண்டு செம்புத் தண்ணி கால்ல ஊத்துறேன். எண்ணி இருபதே அடி. ஒம் மாமியா கண்ணுல படுற தூரம் நடந்தாப் போதும்."

 "இல்ல மதினி. நடந்து வாரேன்னு முருகன்கிட்டச் சொன்னேன், முடியல. அத அவர்கிட்டயே சொல்லிக்கிறேன். வாசல் வரைக்கும் வண்டியிலதான் வாரேன்" என்றாள் அத்தை.

"பைத்தியக்காரி! வாழ்க்கையே போயிரும்டி!"

"குடம் எந் தலையிலதான மதினி இருக்கு."

தலையில் குடத்தோடு ரிக்‌ஷாவில் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் போனாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் அந்த வண்டியோடு வந்தவளே இல்லை என்பதுபோல் சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

வாசலில் மாமியார் நின்றாள். "சாமி ஊர்வலம் வருதோ" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். ரிக்‌ஷாக்காரரும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொள்ள, அத்தை குடத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்ச் சந்நிதியில் கொடுத்தாள்.  மறுநாள் அத்தை எங்கள் வீட்டில் விடியுமுன் எழுந்து, வெயில் வருவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தாள். இருபது அடிக்கு மூக்கால் அழுது வாழ்க்கையைத் தொலைத்தவள் என்று நான் வெகுநாள் கோபமாக இருந்தேன்.

எனக்கு நோய் வந்தபின் நானும் பதினோரு வருஷம் அந்த இருபது அடியைத்தான் நடந்தேன். மருமகள் பார்க்கும்போது சுவரைப் பிடிக்கமாட்டேன். விருந்தாள் வந்தால் எழுந்து நின்று காபி கொடுப்பேன். அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் கிடப்பேன். ஒருநாள் அப்படிக் கிடந்தபோதுதான் அந்த ரிக்‌ஷா கண்முன் வந்தது. மறுநாள் மகனிடம் சக்கர நாற்காலி வாங்கச் சொன்னேன்.

அத்தை அன்று இறங்கி நடந்திருந்தால், மறுநாள் புருஷன் வீட்டில் இன்னொரு இருபது அடி நடந்திருக்க வேண்டும். அதற்கு மறுநாளும். பத்து வயதில் எனக்கு வாசல் வரைக்கும்தான் தெரிந்தது.

இந்த விசாகத்துக்கு நான் பால்குடம் எடுக்கிறேன். நாற்காலியில்தான். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. விடியுமுன் கிளம்புவோம், நல்ல நேரம் யாரும் பார்க்க வேண்டாம்.

"எழுதிட்டியா தாயி? ஒங்க அப்பன் வந்துட்டான் பாரு. அவன் காதுல விழுகுற மாதிரி, மொதல்ல இருந்து ஒரு தடவ வாசி."