மிதிக்காத பிரேக்

தென்காசியிலிருந்து வலியசாலைக்கு வீடு மாறியபோது, சாமான் ஏற்றிய லாரியில் மலையாளி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு வைத்திருந்தார். அடிக்கடி எடுத்து வாரிக்கொள்வார். தலையில் வாருவதற்கு முடிதான் இல்லை.

மலைப்பாதையில் ஆரியங்காவு இறக்கம் தொடங்கியதும் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ஒரு சுவிட்சைத் தட்டினார். வலது காலைச் செருப்பிலிருந்து உருவிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எஞ்சின் படபடவென்று உறுமியது. நான் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பிரேக்லேர்ந்து காலை எடுத்துட்டேளே!”

“பேடிக்கண்டா சாமி, பயம் வேண்டாம். எஞ்சின் காத்தை நல்லா அமுக்கும். அந்தக் காத்து திருப்பித் தள்ளுறதுக்கு முன்னே இந்த சுவிட்சு வால்வைத் திறந்து வெளியே விட்டுடும். தள்ள ஆளில்லே, வண்டி தானே அடங்கும்.”

“அப்போ கால் பிரேக் எதுக்கு?”

“அதை இறக்கத்திலே மிதிச்சு மிதிச்சுச் சூடாக்கினா, ஒரு ஆவசியம் வரும்போ பிடிக்காது கேட்டோ.”

நகரம் தொடங்கும் பேரூர்க்கடை வரை எந்த இறக்கத்திலும் அவர் அந்தக் கால் பிரேக்கைத் தொடவில்லை. வலியசாலைத் தெருமுனையில் பூக்கூடை கட்டிய சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. செருப்பில்லாத கால் ஒரே மிதி மிதித்தது. பின்னால் என் பாத்திரங்களெல்லாம் உருண்டன. சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளி லாரி நின்றது.

“இவருக்கு வேண்டித்தான் சாமி” என்று சொல்லிச் சீப்பை எடுத்தார்.

பூக்காரர் எங்களை முறைத்துவிட்டுப் போனார். ஆரியங்காவிலிருந்து தனக்காக ஒருவர் காலை மடக்கி வைத்துக்கொண்டு வந்தது அவருக்கு எப்படித் தெரியும்?