இட்லிக் கொப்பரையில் பூத்த மெழுகுவத்தி

மேற்குத் தாம்பரத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டி இருபத்தேழு வருடம் இட்லிக் கடை நடத்தியவர் சாமுண்டீஸ்வரி. அந்தக் கடையில் நாலு இட்லியை விழுங்கிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடியவர்களில் எத்தனை பேர் இன்றைக்குப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதை ஒருநாளும் மறைத்ததில்லை. ஐந்துக்கே இவ்வளவு என்றால் பத்தும் படித்திருந்தால் தாம்பரம் தாங்கியிருக்காது என்பது அவர் கட்சி.

அறுபத்திரண்டு வயதில் முழங்கால் மக்கர் செய்யவே கடையை மூடினார். சிறுசேரி கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் சக்திவேல், இனிமேல் காலை நீட்டி உட்காரம்மா என்றான். நீட்டி உட்கார்ந்தது பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் மகளிர் குழுவில் வாசனை மெழுகுவத்திப் பயிற்சி என்று காதில் விழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே இருபது பெண்கள். பாதிப் பேர் டிகிரி முடித்தவர்கள். பாடம் நடத்தியதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சாமுண்டியம்மா ஒரு எழுத்து எழுதவில்லை. மாவு எத்தனை மணிக்குப் பொங்கும் என்பதை எந்த நோட்டில் எழுதி வைத்திருந்தார், இதை எழுதுவதற்கு?

அங்கேதான் பாம் வாக்ஸ் என்ற மெழுகைப் பார்த்தார். ரேஷன் கடை பாமாயில் எந்த மரத்திலிருந்து வருகிறதோ, அதே மரத்து எண்ணெயில் செய்தது. அவல் மாதிரிச் சீவல் சீவலாக இருக்கும். அதற்கு ஒரு குணம் உண்டு. நன்றாகச் சூடேற்றி, வாசனை எண்ணெய் கலந்து, சுடச்சுடக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, மெள்ள மெள்ள ஆறவிட வேண்டும். அப்படி ஆறினால் கண்ணாடியின் உட்புறமெங்கும் இறகு இறகாகப் பூ விழும். அவசரமாக ஆறினால் ஒன்றும் விழாது. வெள்ளையடித்த சுவர் மாதிரி மொட்டையாக நிற்கும். முதன்முதலாக அந்தப் பூவைப் பார்த்தபோது, இது நம்ம சரக்கு என்று அவர் மனசு சொல்லிவிட்டது. சூட்டையும் ஆவியையும் கட்டி மேய்த்த கைக்கு வேறென்ன வேலை பொருந்தும்?

ஆறு மாதத்தில் இரும்புலியூர் வீட்டின் முன்னறை பட்டறையாகிவிட்டது. கடையில் சட்னி அரைத்த அவர் கணவர் பொன்னுரங்கம் இப்போது கிளாஸ் கழுவித் துடைத்தார். தொழில் மாறினாலும் முதலாளி மாறவில்லையே என்று மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தபீதாள் டீச்சரின் மகள் ஜெரூஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தபீதாள் சேலையூரில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சாமுண்டியம்மாவும் ஐந்தாவது வரை ஒரே பெஞ்சு. அதன்பிறகு ஒருவர் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டார், இன்னொருவர் வெளியே வந்துவிட்டார். வழியில் பார்த்தால் சாமுண்டியம்மா அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பேச்சு நீ, வா, போதான்.

மே மாதம் தேவாலயத்தில் கல்யாணம். அன்றைக்கே சாயங்காலம் படப்பையில் ஒரு புல்வெளியில் வரவேற்பு. நாற்பது மேஜை, மேஜைக்கு ஐந்து வாசனை மெழுகுவத்தி. ஜெரூஷாவுக்கு மரிக்கொழுந்து வாசனைதான் வேண்டுமாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாகரிகமான கடையில் சோயா மெழுகில் செய்து தருகிறோம் என்றிருந்தார்கள். சாமுண்டியம்மா இதைக் கேள்விப்பட்டதும் நேரே டீச்சர் வீட்டுக்குப் போய்த் தானே செய்து தருவதாகச் சொன்னார். தபீதாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குச் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், அன்றைக்கு நாலு கொண்டுவா, ஏற்றிப் பார்ப்போம், நன்றாக இருந்தால் இருநூறும் உனக்கு என்றார்.

காசுக்காக இல்லை. அந்த நாற்பது மேஜையிலும் தன் கையால் செய்தது எரிய வேண்டும். ஒரே பெஞ்சில் இருந்தவள் வீட்டு விசேஷத்துக்கு வெறும் சாப்பாட்டுக்கு உட்காரும் ஆளாக மட்டும் போக சாமுண்டியம்மாவுக்கு மனசில்லை.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. முன்னறை காற்றோட்டமான அறை. மின்விசிறியை நிறுத்தினாலும் ஜன்னல் பக்கமிருந்த கிளாஸில் பூ பாதிதான் விழுந்தது. சூட்டைப் பிடித்து வைக்க ஒரு பெட்டி வேண்டும். யோசனை சொன்னவர் சாமுண்டியம்மா; வாங்கி வந்தவர் பொன்னுரங்கம். கோவளத்தில் படகு வைத்திருக்கும் நண்பர் மோகன்ராஜிடமிருந்து, மீனை ஐஸ் போட்டு அடைக்கும் தெர்மாகோல் பெட்டிகள் ஆறு வந்து இறங்கின. சாமுண்டியம்மா புளியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. எப்படித் தெரியும்? வீடு முழுக்க ஒரு வாரமாக மரிக்கொழுந்து எண்ணெய் மணந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் எந்த மூக்கும் வேலை செய்யும் நிலைமையில் இல்லை.

பெட்டிக்குள் சாக்கு விரித்துச் சுடச்சுட ஊற்றிய கிளாஸ்களை அடுக்கி மூடினார். மறுநாள் காலையில் திறந்தால், அதுவரை விழாத பூ. நாலை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

கூட்டத்தில் பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கும்போது ஜெரூஷாவே நாலையும் ஏற்றினாள். முதலில் மரிக்கொழுந்து வந்தது. வாசலருகே நின்ற சாமுண்டியம்மா நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் மெழுகு உருகி மேலே குளம் கட்டியது. சூட்டில் பெட்டி மெழுகுக்குக் கொடுத்ததையெல்லாம் மெழுகு இப்போது கூடத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தது. கண்ணை மூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஹெப்சி, ஆமென் சொன்ன கையோடு தபீதாள் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"சம்பந்தி, இன்னைக்கு வஞ்சிரமா?"

தபீதாள் எழுந்து நாலையும் ஊதி அணைத்தார். சாமுண்டியம்மாவைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப் போய், தப்பாக நினைக்காதே, அந்தக் கடையிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். சாமுண்டியம்மா பதில் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் பதில் வந்தது. அது பொன்னுரங்கத்துக்குக் கிடைத்தது.

"கோவளத்துக்கு மெழுவுக்குப் பொட்டி வாங்கப் போனியா, கொழம்புக்கா?"

"நீதான தலைய உள்ள வுட்டு மோந்து பாத்த" என்றார் அவர். கையோடு மீன் வாசனை மெழுகுவத்தி மொத்தத்தையும் மூட்டை கட்டி மோகன்ராஜுக்கே அனுப்பிவைத்தார். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவர் எண்ணம். மரிக்கொழுந்து நாறுகிறது என்று இரண்டு நாளில் கோவளத்திலிருந்து புகார் வந்தது.

ஜெபக்கூட்டத்தன்று ராத்திரி சாமுண்டியம்மா சாப்பிடவில்லை. சுவரில் சாய்ந்து அண்ணாந்து உட்கார்ந்திருந்தவரின் கண்ணில் பரண் பட்டது. பரணில் கடையின் இட்லிக் கொப்பரைகள் மூன்றும் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அகலம். இருபத்தேழு வருடத்தில் ஆவியைத் தவிர வேறெதையும் அறியாத பாத்திரங்கள். காலை பத்தரைக்கு அடுப்பை அணைத்து மூடி வைத்தால் பகல் ஒரு மணிக்கு வரும் பஸ் டிரைவருக்கும் கை சுடச்சுட இட்லி எடுத்துக் கொடுத்த பாத்திரங்கள். சூட்டை விடாத சாமானைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு கோவளம் வரைக்கும் ஆளனுப்பியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றும் இறங்கின. தட்டுகளை எடுத்துவிட்டு, வெறும் கொப்பரையை அடுப்பில் காயவைத்து இறக்கினார். அடியில் புதுச் சாக்கு. மேலே வெதுவெதுப்பான கிளாஸ்கள், திரி நட்டது நட்டபடி. தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்தைத் தொட்டதும் மெழுகை ஊற்றி மூடியைப் போட்டார். ஒரே ஒரு முறைதான் திறந்தார். மேலே ஏடு படிந்திருந்தபோது, இட்லி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் அதே ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றையும் குத்தி, உள்ளே ஒளிந்திருந்த காற்றை வெளியேற்றி, குழியில் இன்னும் கொஞ்சம் மெழுகு ஊற்றி மூடினார். பூ விழுந்ததா என்று எட்டிப் பார்க்க வந்த பொன்னுரங்கத்தின் கை மூடிமேல் ஒரு அடி வாங்கித் திரும்பியது.

காலையில் திறந்தார். நாற்பத்தைந்து கிளாஸிலும் அடியிலிருந்து விளிம்புவரை பூ. ஒன்றை ஏற்றி, மூக்கு வேலை செய்யும் ஆளாகப் பார்த்துப் பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுத்த சைவமான அந்த அம்மாள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமா என்று கேட்டார்.

அன்றைக்கே ஒரு கிளாஸோடு தபீதாள் வீட்டுக் கதவைத் தட்டினார் சாமுண்டியம்மா. மேஜைமேல் அந்தக் கடை சாம்பிளுக்கு அனுப்பிய சோயா மெழுகுவத்தி, ரிப்பன் கட்டி, தங்க எழுத்தோடு நின்றது. அதை ஒரு பார்வை பார்த்தார்.

"டீச்சர், உன் வூட்டுக் கல்யாணம் ஏசி ஹால்ல இல்ல. படப்பையில, வெட்டவெளியில, மே மாசத்துல. மத்தியானமே மேஜை போட்ருவாங்க. இது ரெண்டையும் மாடியில வையி. மூணு மணிக்கு எது நிக்குதோ அத்த வெச்சிக்க."

தபீதாள் மறுத்திருப்பார். ஜெரூஷாதான் இரண்டையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள். பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் இரண்டு கிளாஸ். மாடிக் கதவின் நிழலில் நாற்காலி போட்டுத் தபீதாள் உட்கார்ந்தார். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பழக்கம். யாரையும் ஸ்டூல் பக்கம் அண்டவிடவில்லை. சாமுண்டியம்மா கீழே வாங்கிய மோரைக் குடித்துவிட்டுக் கூடத்தில் ஒரு தூக்கமே போட்டார்.

மூன்று மணிக்கு ஜெரூஷா வந்து எழுப்பினாள். மாடியில் சோயா மெழுகு மேலே குழைந்து எண்ணெய் விட்டிருந்தது. திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியில் தலையை வைத்திருந்தது. ரிப்பன் நனைந்துவிட்டது. பக்கத்தில் பாம் வாக்ஸ் காலையில் வைத்தது வைத்தபடி, ஒரு இறகு கலையாமல் நின்றது. தபீதாள் அதைக் கீழே கொண்டுவந்து ஏற்றி, மெழுகு குளம் கட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குனிந்து மோந்தார். மறுபடியும் குனிந்தார்.

"மீன் வரலையே" என்றார். திரியை ஊதி அணைத்துவிட்டு, "இருநூறு, சாமுண்டி. முடியுமா?"

"மூணு கொப்பரை கீது. அஞ்சு நாள் போதும்."

ஐந்து நாளில் இருநூற்று இருபத்தைந்து செய்தார். உடைந்தால் உதவும் என்று செய்த இருபத்தைந்தில் ஒன்றுகூட உடையவில்லை.

படப்பையில் அன்றைக்குக் காற்றில்கூட அனல். சந்தன நிறப் பட்டுப் புடவையில் வந்த சாமுண்டியம்மா, பொன்னுரங்கத்தை ஒரு வரிசையில் விட்டு, தான் ஒரு வரிசையில் போய், நாற்பது மேஜையையும் ஏற்றி முடித்தபிறகுதான் உட்கார்ந்தார். புல்வெளி முழுக்க மரிக்கொழுந்து. பூ விழுந்த கண்ணாடிக்குள்ளிருந்து வெளிச்சம் வரவே, மேஜைத் துணியெல்லாம் கோலம் போட்ட மாதிரி ஆனது. பந்திக்கு வந்தவர்கள் பிரியாணிக்கு முன்னால் கிளாஸைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

ஹெப்சி ஒரு மேஜையிலிருந்து இரண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இதைச் செய்தவர் யார் என்று விசாரித்தார். தபீதாள் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து சாமுண்டியம்மாவின் முன்னால் நிறுத்தினார்.

"இவதான். என்கூட ஒரே பெஞ்சில அஞ்சாவது வரைக்கும் படிச்சவ."

"அதுக்கு மேல இவங்கதான் படிச்சாங்க" என்றார் சாமுண்டியம்மா. "எனுக்கு அதுவே போதுமாயிருந்திச்சி."

பிறகு ஹெப்சியின் கைப்பையைப் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.