பூவரசு வேரின் மேல் போட்ட பழி

ஒரு பூவரச மரத்தின் மேல் நான் பொய்ப்பழி சொன்னேன். அதை நம்பி அந்த மரத்தை வெட்டிப் போட்டார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பஸ் கண்டக்டரையும் ரேஷன் கடைக்காரரையும் வாராவாரம் இந்தப் பத்தியில் குறை சொல்கிற ஆசாமி, ஒரு வாரமாவது தன்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாமா? அதுவும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு... அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கோட்டையில் உத்தியோகம். அடையாறில் சொந்த வீடு. பக்கத்து வீட்டுக்கு விசாலம் டீச்சர் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கணவர் இல்லை. தோட்டத்துப் பூவரச மரத்தடியில் பெஞ்சு போட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். உதிர்ந்த இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பி ஊதும் சத்தத்தோடுதான் நான் ஆபீஸ் கிளம்புவேன்.

அந்த வருஷம் பழைய கார் ஒன்று வாங்கினேன். கார் வந்தால் ஷெட் வேண்டும். ஷெட் போடத் தரை மேடாக வேண்டும். இடித்த கட்டட ரப்பீஸை லாரியில் கொண்டுவந்து கொட்டி, டீச்சர் வீட்டுப் பக்கத்துச் சுவர் ஓரத்தை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினேன்.

"ஏன்னா, அங்க ஒரு வாய்க்கா இருந்துதே?" என்றாள் என் மனைவி.

"இருந்தா என்ன? காஞ்சு கெடக்கு."

நடுக்கோடை. எந்த வாய்க்கால்தான் காயாது?

பக்கத்துத் தோட்டத்து மழைத்தண்ணீர் சுவர் அடியில் ஓர் ஓட்டை வழியாக எங்கள் பக்கம் வந்து, அந்த வாய்க்காலில் ஓடித்தான் தெருவோரக் கால்வாயில் சேரும். டீச்சர் பக்கத்தில் அந்த ஓட்டையைச் செம்பருத்திப் புதர் மறைத்திருந்தது. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஐப்பசி வந்தது. டீச்சரின் தோட்டம் குளமாகிவிட்டது. மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. தவளை, கொசு, பாசி... ஒருநாள் காலை குடையோடு வந்து நின்றார்.

"சார், தெருக் கால்வாய் அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு எழுதித் தாங்க. நீங்க எழுதினா அசைவாங்க. குழந்தைங்களை அனுப்பவே பயப்படறாங்க சார். இப்படியே போனா பள்ளிக்கூடத்தை மூடிட்டுத் தம்பி வீட்டோட போய்ச் சேர வேண்டியதுதான்."

எழுதினேன். பொதுக் கால்வாயின் அவலம், அதிகாரிகளின் அலட்சியம் என்று கனமான ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். டீச்சர் கேட்டைத் தாண்டியதும் மனைவி கேட்டாள்:

"அந்த ஓட்டையை நாமதானே மூடினோம்?"

"மெதுவாப் பேசு!"

அந்த நிமிஷம் பிடித்தது பயம். ஷெட்டுக்கு நான் அனுமதி வாங்கவில்லை. அரசாங்க உத்தியோகஸ்தன் அனுமதி இல்லாமல் கட்டி, அடுத்த வீட்டை மூழ்கடித்துவிட்டு, அதற்குக் கார்ப்பரேஷனைத் திட்டி மனுவும் எழுதியிருக்கிறான் — வெளியே தெரிந்தால்? தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே கார்ப்பரேஷன் ஆளோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். மேகம் கறுத்தால் மொட்டைமாடிக்கு ஏறினேன். அந்தக் காலத்தில் என்னைப்போல் வானத்தைப் பார்த்தவன் விவசாயிகூட இருக்கமாட்டான்.

ஓவர்சியர் வந்தார், இரண்டு ஆட்களோடு. தெருக் கால்வாயின் மூடியைத் தூக்கினார்கள். ஒருவர் மூங்கிலை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி ஜோரா போய்க்கினு கீது சார். இதுல இன்னா அடைப்பு?"

"மனு எழுதின ஐயாவையே உள்ள எறக்கிக் காட்டு நைனா!" என்று சிரித்தார் மற்றவர். நானும் சிரித்தேன். சிரித்ததாக நினைத்துக்கொண்டேன்.

"அப்போ தோட்டத்துத் தண்ணி ஏன் வடியல?" ஓவர்சியர் மெல்லச் சுற்றிப் பார்த்தார். கேட். மரம். செம்பருத்தி. என் சுவர். சுவருக்கு மேலே பளபளவென்று என் கார் ஷெட்டின் புதுக் கூரை.

"அது புதுசா சார்?"

"மரத்து வேரா இருக்கும்!" — என் வாய்தான் சொன்னது. "பூவரசு வேர் பொல்லாதது. டீச்சர் வீட்டுக் குழாய் அந்த மரத்தடியிலதானே கால்வாய்க்குப் போகுது? உள்ள பூந்து அடைச்சிருக்கும்."

ஓவர்சியரின் முகம் தெளிந்துவிட்டது. கால்வாயில் குற்றம் இல்லை, தோண்டும் வேலையும் இல்லை. இதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்?

"கரெக்ட் சார். வேர்தான்."

கூட நின்றிருந்த டீச்சர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பிறகு ஓவர்சியரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்:

"வெட்டித்தான் ஆகணுமா சார்?"

"வேற வழி தெரியல டீச்சர்."

பழி போடத் தோதான ஆள் யார்? பதில் மனு எழுதத் தெரியாத ஆள்தான்.

மரம் போயிற்று. அடுத்த மழைக்குத் தோட்டம் மறுபடி குளம். வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சர் தண்ணீரில் நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அவர் கடைக்குப் போன சமயம், கடப்பாரையை எடுத்தேன். ஷெட்டின் தரையைப் பெயர்த்தேன். மனைவி கூடையில் வாரி வாரிக் கொட்டினாள். சுவரடி ஓட்டை திறந்ததும், அழுகிய பூவரச இலையும் தண்ணீருமாக என் கால் மேல் கொட்டியது. சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்தில் தரை தெரிந்தது.

குழந்தைகள் திரும்பினார்கள். டீச்சர் ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு சார். மரத்தை வெட்டினதும் வடிஞ்சிடுச்சு. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

மனைவி தூக்கை வாங்காமல் உள்ளே போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓட்டை, ஷெட், வேர்... எல்லாம்.

டீச்சர் தூக்கைத் தரையில் வைத்தார். பிறகு, "ஏன் சார் சொன்னீங்க?" என்றார். "மரம் போனாலும் பள்ளிக்கூடம் பிழைச்சுதேன்னு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் இல்ல."

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்கிறார்கள். குறைகிறது. யாருடைய பாரம்?

வெட்டிய கிளைகள் சுவரோரம் மழையில் கிடந்து துளிர்த்திருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். "நானே நட்டுத் தரேன் டீச்சர்."

"வேண்டாம் சார். உங்க பக்கமே நட்டுக்கோங்க. உங்க மரத்து வேரை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

ஷெட்டை முழுக்கப் பிரித்துவிட்டு அங்கேயே நட்டேன், வாய்க்காலிலிருந்து தள்ளி. கார் தெருவில் நனைந்தது. நனையட்டும். கிளை வளர்ந்து சுவரைத் தாண்டிற்று. ஒருநாள் காலை அந்தப் பக்கத்திலிருந்து பீப்பி சத்தம்! டீச்சர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தன் பக்கம் விழுந்த இலைகளை அவர் கூட்டித் தள்ளவும் இல்லை. சைதாப்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய இடம் கிடைத்து அவர் பள்ளியோடு போகும்வரை அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டைப் புதிதாக வாங்கி, சிமெண்டும் மணலுமாக ஏதோ கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர் வந்தார்.

"சார், தோட்டத்துல தண்ணி நிக்குது. உங்க பூவரசு வேர்தான் கால்வாயை அடைக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கார்ப்பரேஷனுக்கு எழுதணும். நீங்க நல்லா மனு எழுதுவீங்களாமே?"

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"எழுதலாம் தம்பி" என்றேன். "அதுக்கு முன்னால, செம்பருத்திக்குப் பின்னாடி சுவரோரம் என்ன கொட்டி வெச்சிருக்கீங்கன்னு பார்த்துட்டு வந்துடலாம். மரம் எங்கேயும் ஓடிப்போயிடாது."