செங்கடலுக்குப் போகாத கப்பல்

செங்கடலில் கப்பல்கள் மீது ஏவுகணை விழுவதை டிவியில் காட்டத் தொடங்கியபோது, எரிகிற கப்பல் ஒவ்வொன்றும் எனக்கு என் கணவருடைய கப்பலாகவே தெரிந்தது. அவர் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் டெக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் ஊர் வடகரப்பதியில் தென்னந்தோப்பையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு மாமியாரோடு இருந்தேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

"பயப்படாத புள்ள. நாங்க அந்தப் பக்கமே போகல. ஆப்பிரிக்காவச் சுத்திப் போகச் சொல்லிட்டாங்க."

"அப்ப ஒண்ணும் ஆகாதுங்களே?"

"நாளு கூட ஆகும், அவ்வளவுதான்."

மாமியார் அன்றே மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். நானும் கொஞ்ச நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு வந்த போன்களில் அவர் குரல் மாறியிருந்தது. கப்பல் பழசு. பழுது பார்க்க நிறுத்தியிருக்க வேண்டியது. எல்லாக் கப்பலும் சுற்றிப் போய் நாள் இழுப்பதால் சரக்கு ஏற்றக் கப்பல் போதவில்லை என்று பழுது பார்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இவருக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆள் காத்திருந்த துறைமுகத்துக்கும் இப்போது கப்பல் போகாது; அதனால் இவர் இறங்கி வீட்டுக்கு வரவும் முடியாது.

"இங்க கடலே வேற மாதிரி இருக்குது புள்ள. கப்பல் படுத்துப் படுத்து எந்திரிக்குது. கண்ணு மூடித் தூங்கியே எத்தன நாளாச்சோ."

அலையை டிவியில் யாரும் காட்டவில்லை. அதனால் எதைப் பார்த்துப் பயப்படுவது என்றே தெரியாமல் பயந்தேன்.

ஆடி பிறந்தது. போன் வருவது நின்றது. மலைக் கணவாய் வழியாக அடிக்கிற ஆடிக் காற்றில் தென்னை மட்டை தகரக் கூரைமேல் விழும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தேன். கம்பெனிக்குக் கூப்பிட்டால், "கப்பல் போய்க்கொண்டுதான் இருக்கிறது" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. கப்பலில் அவர்கூட வேலை செய்கிற மலையாளி.

"சேச்சி, பேடிக்கண்டா. ஆளு ஜீவனோடெ உண்டு."

பயப்பட வேண்டாம், ஆள் ஜீவனோடு இருக்கிறார் என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால் பயப்படாமல் எப்படி இருப்பது? வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டேன்.

புயலில் கண்டெய்னர்களைக் கட்டியிருந்த இரும்புக் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன. முறுக்கி இறுக்கப் போயிருக்கிறார்கள். துருப்பிடித்த கம்பி ஒன்று அறுந்து வீசி இவர் இடது கையில் அடித்திருக்கிறது. அந்த வரிசைக் கண்டெய்னர்கள் கடலில் விழுந்துவிட்டன. வழியிலிருந்த துறைமுகத்தில் இவரை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தார். இரண்டு விரல்கள் இல்லை. மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு காரில் வழி முழுக்க அழுதார்.

"தூங்கியிருந்தா வெலகியிருப்பேன். கம்பி வர்றது தெரிஞ்சுது, கால் நகரல" என்றார்.

இப்போது புண் ஆறிவிட்டது. மறுபடி எப்போது ஏறுகிறீர்கள் என்று கம்பெனியில் கேட்கிறார்கள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேன்.

"ஏனுங்க, இந்தத் தடவ எந்த வழியாப் போவாங்க?"

"அப்ப எங்க சண்டையோ, அதப் பொறுத்து. ஏறுனப்புறம்தான் தெரியும்" என்றார்.

அலையைக் காட்ட மாட்டார்கள் என்று தெரிந்தும், நான் எழுந்து போய் டிவியில் செய்தியைப் போட்டேன்.