கன்னியாவில் அவன் முகம்

படம் முடிந்து விளக்குப் போட்டபோது பக்கத்துக் கதிரையில் இருந்த சிநேகிதன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரமும் திரையில் இருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். ஊரே எங்களைப் பார்த்து முடித்த பிறகு நாங்கள் பார்க்க என்ன மிச்சம் கிடக்கிறது என்று எரிச்சலோடு எழும்பினேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அவன் வேதக்காரன், மாதா கோவிலுக்குப் போகிறவன்; நான் சைவம். அவன் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவன். நான் உட்துறைமுக வீதியில் மின்விசிறியும் தண்ணீர் மோட்டரும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு டச்பே கடற்கரைக்குப் போவோம். ஒரு பொதி வறுத்த கச்சான் கடலை வாங்குவோம். மணலில் இருந்தால் அவனுடைய இடக்கை என் தோளில்தான் கிடக்கும். ஒற்றைக் கையால் கச்சான் உடைக்க ஏலாது என்பதால் அவனுக்கும் சேர்த்துக் கோது உடைப்பது என் வேலை. ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து வெறும் பையை முகர்ந்து பார்க்கும்வரை கதைத்துக்கொண்டிருப்போம். இந்த ஊரில் இதை யாரும் நின்று பார்த்ததில்லை. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவுமில்லை.

போன வருடம் அப்பா தவறினார். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் கிரியையைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்து, அங்கேயே தலைமுழுகிவிட்டு வருவது வழக்கம். சிநேகிதன் வரவேண்டிய அவசியமே இல்லை. எங்கள் கிரியையில் அவனுக்கு என்ன வேலை? ஆனாலும் விடியவே மோட்டார்சைக்கிளோடு வாசலில் நின்றான்.

ஐயர் எல்லாம் செய்து முடித்து, முழுகச் சொன்னார். தலையும் மீசையும் மழித்து, வெறும் வயிற்றோடு நின்றேன். வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன், தூக்க முடியவில்லை. அவன் வந்து வாளியை வாங்கினான். அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. எல்லாவற்றிலும் கை விட்டுப் பார்த்து, பொறுக்கக்கூடிய ஒன்றைத் தெரிந்தெடுத்து, என் தலையில் வார்த்தான். கண்ணுக்குள் தண்ணீர் போகாமல், சின்னப்பிள்ளைக்குப் பிடிக்கிற மாதிரி, நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழுதேன். தண்ணீரோடு தண்ணீராக அது போய்விட்டது.

கம்பஸில் சினிமா படிக்கிற பிள்ளையொன்று கிணறுகளை வீடியோ எடுத்துக்கொண்டு நின்றது. முழுகி முடிந்த பிறகு என்னிடம் வந்து, "அங்கிள், உங்களையும் எடுத்துப்போட்டன். என்ர படத்தில பாவிக்கலாமோ?" என்று கேட்டது. "பாவியுங்கோ பிள்ளை" என்றேன். அன்றைக்கு என்ன கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கம்பஸ் மண்டபத்துக்கு எங்களையும் கூப்பிட்டுப் படத்தைப் போட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளை ஐயரையும் சொந்தக்காரரையும் தர்ப்பையையும் எள்ளையும் வெட்டி எறிந்துவிட்டது. மிஞ்சியது நாங்கள் இருவரும் தண்ணீரும். பாட்டு இல்லை. கதை இல்லை. ஒருவன் வார்க்கிறான், மற்றவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். பிறகு கமரா மெதுவாக மேலே போய் அவன் முகத்தில் நின்றது, நகரவேயில்லை.

அந்த முகத்தை எனக்குத் தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருநாளும் நான் காணாத முகம். அது எனக்கு மேலே இருந்த நேரத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன்.

மண்டபத்தில் ஆளுக்கொரு படம் பார்த்தார்கள். முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மொட்டைத் தலையும் கன்னியாவும் அவர்களுக்குப் போதும், அது செத்தவீட்டுப் படம். பின்னாலிருந்த பெடியங்கள் விசிலடித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மைக்கை வாங்கி, இரண்டு ஆண்களின் காதலை இவ்வளவு மென்மையாக, துணிச்சலாகக் காட்டிய படம் என்று பாராட்டினார். உண்மையான மரியாதையோடுதான் சொன்னார், அதனால் அவரோடு கோபிக்கவும் முடியவில்லை. பிள்ளையிடம் விளக்கம் கேட்டபோது, "பாக்கிற ஆக்கள் எப்பிடி எடுத்தாலும் சரி" என்றது. எனக்கு அந்த 'எப்பிடி எடுத்தாலும்' என்பதில்தான் கோபம் வந்தது.

வீடு திரும்பும்போது, படம் பார்க்கக் கூட வந்திருந்த என் மனைவி ஓட்டோவுக்குள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் ஒருநாளும் உங்களுக்கு அப்பிடித் தண்ணி வாத்ததில்லை." அது குறையா, பொறாமையா, கவலையா? கேட்கப் பயந்து, ஓட்டோக்காரரிடம் பெற்றோல் விலையை விசாரித்தேன்.

அடுத்த கிழமை படம் இணையத்தில் வந்தது. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. எங்களைச் சகோதரங்கள் என்று நினைத்த மீன் சந்தைக்காரர் ஒருவர் சிநேகிதனுடைய கையைப் பிடித்து, "அப்பா எப்ப தவறினவர்?" என்று கண்கலங்கினாராம். அவனுடைய அப்பா அந்த ஞாயிறும் பூசைக்குப் போய் முன்வாங்கில் இருந்தவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பிறகு யாரோ அவனுக்குப் படத்தின் கீழே எழுதியிருந்ததையெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். இதயங்கள், வாழ்த்துகள், காறித்துப்பல்கள், எல்லாம் கலந்து கிடந்தன. அன்று பின்னேரம் அவன் கடற்கரைக்கு வந்தான், கச்சான்காரியிடம் இரண்டு பொதி வாங்கினான். ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்து, தன்னுடையதைத் தானே இரண்டு கையாலும் உடைத்தான்.

ஒரு கை தோளில் இல்லாததற்காகவா ஒரு வளர்ந்த மனிசன் இப்படி உடைந்துபோவது என்று என்னையே திட்டினேன். பிறகு அவன் வருவதும் குறைந்தது. எஞ்சின் வேலை கூடிப்போச்சு என்றான்.

சின்ன வயதில் நாங்கள் இருவரும் பார்த்த படங்களில் எத்தனை கதாநாயகர்கள் சிநேகிதனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், மடியில் போட்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். கொட்டகையே சேர்ந்து அழுதது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே பாட்டு இருந்தது, சண்டை இருந்தது, வீட்டில் ஒரு கதாநாயகி காத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் இல்லாமல் சும்மா தண்ணீர் வார்த்தால் மட்டும் ஏன் பெயர் வைக்கவேண்டியிருக்கிறது? இப்படி நியாயம் கதைத்துவிட்டு, கடையில் ஆளில்லாத நேரம் போனை எடுத்து, அந்த முகத்தில் படத்தை நிறுத்திப் பார்ப்பேன். சிலநேரம் பழுதான எஞ்சினுக்குக் காது கொடுக்கும்போது இருக்கிற முகம் போலத் தெரியும். சரி, அவ்வளவுதான் என்று போனை வைப்பேன். திரும்ப எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. வேறென்ன என்றும் சொல்லத் தெரியவில்லை. கொழும்புக்காரர் கண்டதை அவர் கண்டார், பெடியங்கள் கண்டதைப் பெடியங்கள் கண்டார்கள். நான் எதைக் காண ஆசைப்படுகிறேன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அவனிடம் கேட்கலாம்தான். கேட்டு, அவன் பதில் சொல்லி, அந்தப் பதிலோடு நாங்கள் எப்படி டச்பேயில் போய் இருப்பது? கேட்காமலே அவனை இழந்துகொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு காலை கடைவாசலில் வந்து நின்றான். இடக்கையால் வலத்தோளைப் பிடித்திருந்தான். எஞ்சின் கயிறு இழுத்து இழுத்துத் தோள் இறுகிவிட்டதாம், கை மேலே எழும்பவில்லையாம். "கன்னியாத் தண்ணி வாத்தாக் கொஞ்சம் இளகும் எண்டு சொல்லுகினம். வாளி தூக்க ஏலாது மச்சான். வாறியா?" என்றான். கடையைப் பூட்டினேன்.

கிணற்றடியில் சனம் நிறைந்திருந்தது. எங்கோ தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், எல்லோர் கையிலும் போன். நான் கிணறுகளில் கை விட்டுப் பார்த்து, சூடு தாங்கக்கூடிய ஒன்றில் வாளியை விட்டேன். தோளில் வார்த்தேன். அவன் தலையைக் குனிந்து, "தலைக்கும் வாரு" என்றான். சுற்றிவரப் பார்த்தேன். கை தயங்கியது.

"மச்சான்," என்றான் கண்ணை மூடிக்கொண்டு, "உன்ர முகம் இப்ப எப்பிடிக் கிடக்கு?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"அதுதான்," என்றான். "அண்டைக்கு என்ர முகத்தில என்ன இருந்ததெண்டு எனக்கும் தெரியாது. நீ கேட்டிடுவாய் எண்ட பயத்திலதான் ஒளிச்சுத் திரிஞ்சனான்."

எனக்குப் பின்னால் யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தது கடைக்கண்ணில் தெரிந்தது. கிணற்றை எடுக்கிறார்களோ எங்களை எடுக்கிறார்களோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, தலையில் வார்த்தேன்.