வெள்ளை டைல்ஸின் நிரந்தர ஊழியை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டிய ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆணும் பெண்ணும் சமம் என்று திடீரென்று தோன்றிவிட்டது. உடனே சுரங்கத்தில் பெண்களுக்கென்று வெள்ளை டைல்ஸ் பதித்த கழிப்பறை ஒன்றைக் கட்டினார்கள். பல வருடங்களாகத் தினக்கூலிக்குக் கல் பொறுக்கிய வாழவந்தி கிராமத்துக் காளியாயியை அதைக் கழுவும் வேலையில் நிரந்தரமாக்கினார்கள். அங்கே நிரந்தரமான முதல் பெண் அவள்தான்.

தலைமை அலுவலகத்து அம்மையார் வந்து பார்க்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, ஒரு கறை இருந்தாலும் வேலை போய்விடும் என்று சொல்லி மேனேஜர் சாவியைக் கொடுத்தார். அம்மையாரின் வருகை தள்ளிக்கொண்டே போனது. காளியாயி தினமும் கழுவினாள், பூட்டினாள்.

மழை நாளொன்றில் கல் பொறுக்கும் ராசாத்தி நிறைமாத வயிற்றோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, நொம்ப முடியலீங்க. கதவத் தொறங்க."

"இப்பத்தான் கழுவுனேன் கண்ணு. காப்பித் தோட்டத்துப் பக்கம் போயிட்டு வந்துரு."

"சமம்னாங்களே, நம்மளயும் அந்த டைல்ஸையுமா?"

ராசாத்தி வழுக்கும் செம்மண்ணில் மெல்ல இறங்கிப் போனாள். காளியாயி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் அவசரத்துக்குத் தானும் அதே தோட்டத்துப் பக்கம் இறங்கினாள்.